சுண்டு பெருங்குளம் புகுந்த படலம்

வாழ்க சுண்டு! மூவாண்டு நிறைந்த மூதறிவாட்டி, முழங்காலுக்குச் சற்றே மேல் எழுந்த மாமலை, பால்புட்டியை எறிந்தவள், தொட்டிலைத் துறந்தவள், டயப்பர் என்னும் அடிமை விலங்கை ஒரு மழைநாள் மாலையில் தன் திருக்கரத்தாலேயே பிய்த்துக் கூடத்தின் நடுவே கடாசிவிட்டு, "இனிமே இது பாப்பாவுக்கு" என்று, தன்னைத் தவிரப் பாப்பா எவளும் இல்லாத வீட்டில் முழங்கிய விடுதலை வீராங்கனை வாழ்க! கடைக்குட்டியாய்ப் பிறந்து சுண்டுவிரல் அளவே கிடந்தமையால் சுண்டு என்று அழைக்கப்பட்டு, அவளுக்கு முறையாக வைத்த பெயர் எது என்று கேட்டால் பெற்றவர்களே ஒரு நொடி விழிக்கும்படி அப்பெயராலேயே நிலைபெற்ற அந்தப் பெருமாட்டி, கடல்மேல் மிதந்த கப்பலின்மேல் கிடந்த குளத்தினுள் இறங்கிய வீர வரலாற்றை இங்கே விரித்துரைக்கப் புகுந்தோம்.

நாவே, தடுமாறாதே. பேனாவே, கசியாதே. கசிவு என்னும் ஒன்று நிகழ்ந்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இக்காவியத்தில் இத்தனை பேர் இத்தனை பாடு பட்டார்கள்.

கப்பலோ மாபெரும் கப்பல். மாடிமேல் மாடியாய், மாடிக்கொரு சாப்பாட்டுக்கூடமாய் எழுந்து, ஓர் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு குளிக்கப் புறப்பட்டதுபோல் அது போய்க்கொண்டிருந்தது. அதன் உச்சித் தளத்தில், சாய்வு நாற்காலிகள் அணிவகுத்துச் சூழ, நீலச் சதுரக் கற்கள் பளபளக்க, குளோரின் நறுமணம் நாசியைத் துளைக்கக் கிடந்தது பெருங்குளம். நான்கு திசையிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் வெறுமனே கிடக்க, அத்தனையையும் விட்டுவிட்டு மானிடர் இந்த ஒரு தொட்டித் தண்ணீருக்காக விடியுமுன்பே வந்து துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. சுண்டுவின் அன்னையும் ஒரு துண்டு போட்டிருந்தாள்.

பெருங்குளத்துக்கு அப்பால், ரப்பர் விரித்த தரையில், பிளாஸ்டிக் காளான் ஒன்று தன் தலைவழியே தானே தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, நீச்சல் டயப்பர் பூண்ட கைக்குழந்தைகள் தவழ்ந்தும் விழுந்தும் பக்கத்துக் குழந்தையின் காலைக் கடித்தும் திரியும் பொடிசுகள் தளம் ஒன்றும் உண்டு. கப்பல் ஏறிய நாள் முதலாய்ச் சுண்டு அங்கேதான் வைக்கப்பட்டிருந்தாள். 'வைக்கப்பட்டிருந்தாள்' என்ற சொல்லை யோசித்தே போட்டிருக்கிறோம். காளானடியில் அவள் கைகட்டி நின்ற நிலை, பள்ளிக்கூடத்தில் தவறுதலாகக் கீழ்வகுப்பில் உட்காரவைக்கப்பட்ட மாணவியின் நிலை. வழுக்கைத் தலைக் குழந்தையொன்று ஊர்ந்து வந்து அவள் கட்டைவிரலைப் பிடித்தபோது அவள் அதைக் குனிந்தும் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் பெருங்குளத்தில் குதித்துக் குதித்துக் கும்மாளமிட்ட தன் அக்காவை.

இரண்டு நீர்நிலைகளுக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றருகே ஒரு பலகை. பலகையில் பொறிக்கப்பட்டிருந்த சட்டம் பின்வருமாறு பகர்ந்தது: டயப்பர் அணிந்தோரும் நீச்சல் டயப்பர் அணிந்தோரும் இக்குளத்தில் இறங்கலாகாது. கழிப்பறைப் பழக்கம் முற்றிலும் கைவரப்பெற்ற குழந்தைகளே இறங்கலாம். இறங்குமுன் கழிப்பறை சென்று வருவது கட்டாயம். இம்மூன்றையும் மீறி ஒருவேளை எவரேனும் ஒரு சிறு பிழை செய்துவிட்டால், குளம் முழுவதும் வடிக்கப்பட்டு, தேய்த்துக் கழுவப்பட்டு, மறுபடி நிரப்பப்படும். அதுவரை கப்பல்வாழ் மக்கள் அனைவரும் காய்ந்த உடம்போடு, இன்ன குடும்பத்துப் பிள்ளைதான் என்று விரல் நீட்டிக்கொண்டு, சாப்பாட்டு வரிசையில் பின்னால் நிற்பார்கள். இந்தக் கடைசிச் செய்தி பலகையில் இல்லை. ஆனால் பெற்றவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் படித்தார்கள்.

கயிற்றைக் காத்து நின்றவர் விசில்காரர். செந்நிற அரைக்கால்சட்டையர், வெண்பசை பூசிய மூக்கினர், கறுப்புக் கண்ணாடியின் பின்னே கண் மறைத்தவர், ஆகையால் யாரைப் பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாமல் எல்லோரையும் நடுங்கவைத்தவர். ஓடாதே என்று ஒரு விசில், தலைகீழாய்க் குதிக்காதே என்று ஒரு விசில், தோளில் ஆள் ஏற்றாதே என்று ஒரு விசில். அவர் வாய் திறந்து பேசிப் பார்த்தவர் குறைவு.

இனி, நம் தலைவியின் தந்தையைப் பாடுவோம். அவர் பல் வைத்தியர். அலறிக்கொண்டு வரும் பிள்ளைகளை அணைத்து, கதவுநிலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு வர மறுக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்து, நாற்காலியில் அமர்த்தி, "ஆ காட்டு" என்ற ஒற்றை மந்திரத்தால் வாய் திறக்கவைக்கும் வல்லாளர். பல்லைப் பிடுங்கிய பிறகும் சிரித்துக்கொண்டே போகும் பிள்ளைகள் அவரிடம் உண்டு என்று ஊரில் பேச்சு. அத்தகைய வித்தகர், வீட்டில் ஒரு நாள், டயப்பரை விடமாட்டேன் என்று அடம்பிடித்த இளைய மகளிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். டயப்பரை விட்டால் கப்பலில் அக்காவோடு பெரிய குளத்தில் குளிக்கலாம். அப்பா சத்தியம்.

சுண்டு தன் பங்கை முடித்துவிட்டாள். எந்த வீராங்கனையும் செய்யத் துணியாத அந்தத் துறவை, சில விபத்துகளுக்கும் ஒரு சோபா உறைக்கும் பிறகு, நிறைவேற்றிக் காட்டினாள். அப்பாவின் பங்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போனது. ஏனெனில் பழக்கம் பழகியது வீட்டில். கப்பல் வேறு. தரை ஆடுகிறது, சாப்பாடு மாறுகிறது, ஐஸ்கிரீம் கேட்குமுன் கிடைக்கிறது. "இன்னிக்கு வேணாமே" என்று அன்னை சொல்வாள், "ஆமா, நாளைக்குப் பாக்கலாம்" என்று அவரும் சொல்வார், சுண்டு காளானடிக்கு இட்டுச் செல்லப்படுவாள். ஒவ்வொரு முறையும் அவள் அப்பாவை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். அந்தப் பார்வை வைத்தியரின் நெஞ்சில் பல்வேரில் ஊசி இறங்குவதுபோல் இறங்கிற்று.

இப்போது கடைசி நாளும் வந்துவிட்டது. மறுநாள் விடிந்தால் கரை. இந்தக் கடைசி நாள் மதியச் சாப்பாட்டோடு குளத்துக்கு வலை போட்டு மூடிவிடுவார்கள். இனி நாளைக்கு என்று சொல்ல நாள் இல்லை. பிள்ளைக்குச் சொன்ன சொல் தவறிய தகப்பன் என்னும் பெயரோடு கரையிறங்குவதா என்று அறையில் ஆடிய திரைச்சீலையைப் பார்த்தபடி முந்தைய இரவெல்லாம் புரண்ட அவர், விடிந்ததும் எழுந்து, போர்க்கோலமாகிய அரைக்கால்சட்டை அணிந்து, துண்டைத் தோளில் எறிந்து, "இன்னிக்குப் பெரிய குளம்" என்று அறிவித்தார். சுண்டு கட்டிலிலிருந்து குதித்தாள். அன்னை ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதுதான் அன்று செய்த முதல் பிழை.

அன்னையோ விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிப்பவள். சாக்ஸின் அடியில் மறைத்ததையும் பற்பசைக்குள் திணித்ததையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் கூர்விழியாள். பிறர் ஒளித்ததை வெளிக்கொணரும் வேலையிலேயே காலம் கழிந்தவளுக்கு, தான் எதையும் ஒளித்துப் பழக்கமில்லை. ஆயினும் தாய்மனம் என்று ஒன்று இருக்கிறதே, அது அன்று காலை குளியலறையில், சுண்டுவின் செந்நிற நீச்சலுடைக்கு அடியில், மெல்லியதொரு பொருளை மாட்டிவிட்டது.

படை புறப்பட்டது. லிஃப்டில் ஏறிற்று, இறங்கிற்று, ஈரத் தளத்தில் செருப்பொலி படபடக்க அணிவகுத்து நடந்தது. முன்னே கையில் ரப்பர் வளையம் ஏந்திய அக்காள், அவள் விதிகளுக்கு அப்பாற்பட்ட வயதினள் ஆதலின் நேரே ஓடிப்போய்க் குளத்தில் குதித்து ஒரு விசில் வாங்கிக்கொண்டாள். நடுவே, நெஞ்சு நிமிர்த்தி, தொந்தி முன்தள்ளி, சுண்டு. வலப்புறம் தந்தை. சற்றுப் பின்தங்கி, எதையோ தேடுவதுபோல் கைப்பையைக் குடைந்துகொண்டு, அன்னை.

கயிற்றருகே படை நின்றது. விசில்காரர் குனிந்து சுண்டுவை நோக்கினார். தந்தை முன்வந்து, தம் குலப்பெருமை, தொழில்பெருமை, இத்தனை நாள் தேய்த்துக் கழுவிய தரைகளின் பெருமை அனைத்தும் குரலில் ஏற, முழங்கினார்:

"என் பொண்ணு நல்லா பழகிட்டா தம்பி. அதுக்கு நான் கேரண்டி."

வாக்கு வானில் ஏறிற்று. அதன் எதிரொலி அடங்குமுன், வெற்றி கைக்குள் வந்துவிட்டது என்ற மிதப்பில் சுண்டு ஓரடி எடுத்து வைத்தாள். வைக்கும்போது, சரசர என்று ஓர் ஓசை.

"சார், பாப்பா நடந்தா ஏதோ சத்தம் வருதே" என்றார் விசில்காரர்.

"அது புது டிரெஸ்ஸு."

"டிரெஸ்ல வாத்துப் படம் இல்லையே சார். உள்ளேருந்து ஒரு வாத்து எட்டிப் பாக்குது."

வைத்தியர் குனிந்தார். ஆம், செந்நிற உடையின் தொடைவிளிம்பில், நீலக் கண்ணும் ஆரஞ்சு அலகுமாய், வாத்தொன்று தலைநீட்டி உலகைக் கண்டுகொண்டிருந்தது. அதைக் கண்ட அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். மனைவி கடலைப் பார்த்தாள். கடலில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. "ஒரு சேஃப்டிக்குத்தான் போட்டேன்" என்றாள் அவள், கடலிடம்.

அந்தோ! எச்சரிக்கையே எதிரியாய் முடிந்தது. ஒன்றும் போடாமல் வந்திருந்தால் ஒரு கேள்வியோடு உள்ளே போயிருக்கக் கூடிய பிள்ளை, போட்டு வந்ததால் வாயிலிலேயே மடக்கப்பட்டாள். விசில்காரர் பலகையைச் சுட்டிக் காட்டவும் இல்லை. காளானின் பக்கம் கையை மட்டும் நீட்டினார்.

ஆனால் இந்த இழிவெல்லாம் பெரியவர்களின் இழிவு. மெய்யான அடி வேறிடத்தில் விழுந்திருந்தது. சுண்டு தன் தொடையிலிருந்து எட்டிப் பார்த்த வாத்தை நெடுநேரம் நோக்கினாள். அந்த வாத்தை அவள் அறிவாள். காளானடியில் கைக்குழந்தைகளின் நீச்சல் டயப்பரிலெல்லாம் அதே வாத்து.

"இது நீச்சல் ஜட்டின்னு சொன்னியேம்மா?"

சத்தம் போட்டு அழுதிருந்தால் சமாளித்திருக்கலாம். அவள் கீழுதட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணில் நீர் கட்ட நின்றாள். ஆயிரம் பயணிகளின் முகத்தில் குற்றத்தைப் படித்த அன்னைக்கோ, தன் முகத்தை வைக்க இடம் தெரியவில்லை. கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, ஈரத்தில் முழங்காலிட்டு அமர்ந்தாள் அவள்.

"தப்புதான்டி தங்கம். பயம் எனக்குத்தான். உனக்கு இல்ல."

சுண்டு யோசித்தாள். பிறகு மன்னித்தேன் என்றோ மன்னிக்கமாட்டேன் என்றோ சொல்லாமல், "கழட்டு" என்று ஆணையிட்டாள். துண்டால் மறைத்து, வாத்து வெளியேற்றப்பட்டது. அன்னை அதைச் சுருட்டிக் கைப்பையின் அடியாழத்தில் புதைத்தாள்.

தடை நீங்கிற்று என்று தந்தை கயிற்றில் கை வைத்தார். விசில்காரர் விலகவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முதன்முதலாகத் தம் கண்களை உலகுக்குக் காட்டி, சுண்டுவின் உயரத்துக்குக் குந்தினார். கண்கள் கனிவாகவே இருந்தன. அதுதான் ஆபத்து.

"பாப்பா, உச்சா வந்தா எங்க போவ?"

"மஞ்சள் சீட்ல."

"அது எங்க இருக்கு?"

"ரூம்ல."

"இதோ, இங்க பக்கத்துலயே டாய்லெட் இருக்கே. இதுல போவியா?"

"மாட்டேன்" என்றாள் சுண்டு, பொய்யறியாச் செம்மொழியாள். "அது கத்தும். ஆள இழுத்துக் கடிச்சுடும்."

இவ்விடத்தில் கதையை நிறுத்தி அந்த அரக்கனின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். கப்பலின் கழிப்பறைத் தொட்டிகள் வீட்டுத் தொட்டிகள் போல் தண்ணீரைச் சலசலவென்று விட்டு நல்லபிள்ளையாய் அடங்குவன அல்ல. பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் ஒன்றும் நிகழாது. அழுத்தியவர் சரியாக அழுத்தவில்லையோ என்று மறுபடி கை நீட்டும் அந்த ஒரு கணத்துக்குப் பின், கப்பலின் அடிவயிற்றிலிருந்து காற்று முழுவதையும் ஒருசேர உள்ளிழுத்து, அறைச்சுவர் அதிர, 'க்க்ர்ர்ரஹூப்' என்று ஓர் உறுமல். பெரியவர்களே முதல் நாள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். முன்யோசனையுள்ள குடும்பம் ஆகையால் வீட்டிலிருந்தே ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் இருக்கையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அறை மூலையில் தரையில் வைத்து, அதன்மேல் அமர்ந்தே சுண்டு இந்நாள்வரை தன் விரதத்தைக் காத்துவந்தாள். அந்த உறிஞ்சுவாய் அரக்கனின் அருகே அவள் சென்றதே இல்லை.

"சார், ரூமெல்லாம் ஏழு மாடி கீழ" என்றார் விசில்காரர். "தண்ணிக்குள்ள இருக்கும்போது வந்துச்சுன்னா, லிஃப்ட் வர்றதுக்குள்ள..." அவர் முடிக்கவில்லை. லிஃப்ட் வருவதற்குள் என்ன ஆகும் என்பதை அங்கிருந்த பெரியவர்கள் மூவரும் அவரவர் மனத்தில் பார்த்தார்கள். "இங்க ஒரு தடவ போய்ட்டு வரட்டும். நானே கயித்தத் தூக்கி விடறேன்."

ஆக, வழி ஒன்றே. பெருங்குளத்தின் பாதை அரக்கனின் குகைவழியே செல்கிறது. தந்தையின் விரலைச் சுண்டு பற்றினாள். பற்றிய பிடியில் அவர் விரல்நுனி வெளுத்தது. வெள்ளைக் கதவு திறந்து, இருவரையும் விழுங்கி, தாழிட்டுக்கொண்டது.

உள்ளே குழல்விளக்கு. மூலையில் அரக்கன், மூடிய வாயோடு, பளபளவென்று, ஒன்றும் அறியாதவன்போல். வைத்தியர் தம் படைக்கலங்களை எடுத்தார். அஞ்சும் பிள்ளைகளுக்கென்று அவருடைய தொழிலில் ஒரு முறை உண்டு: முதலில் சொல், பிறகு காட்டு, பிறகு செய். எத்தனையோ கடைவாய்ப்பற்களை வென்ற முறை அது. அவர் முழங்காலிட்டுச் சொன்னார். காற்றழுத்தம் என்றார், குழாய் என்றார், கப்பலில் தண்ணீரை மிச்சம் பிடிக்கவே இந்த ஏற்பாடு என்றார், கிளினிக்கில் எச்சில் உறிஞ்சும் குழாய் இருக்கிறதே, அதற்கு இது பெரியப்பா முறை என்றார். எச்சில் உறிஞ்சும் குழாயைக் கண்டாலும் சுண்டுவுக்கு ஆகாது என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சரி, காட்டுவோம் என்று காகிதச் சுருளில் கொஞ்சம் கிழித்து உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தினார். ஒரு கணம் அமைதி. பின் உறுமல். அவர் திரும்பிப் பார்க்குமுன் சுண்டு அவர் முதுகின் வழியே ஏறிக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, இரண்டு காதையும் இரண்டு கையால் திருகிக்கொண்டிருந்தாள். மூன்றாம் படிக்கு, அதாவது செய்வதற்கு, முறை போய்ச் சேரவேயில்லை.

கெஞ்சினார். கொஞ்சினார். பாட்டுப் பாடினார். ஐஸ்கிரீம் என்றார், இரண்டு ஐஸ்கிரீம் என்றார். வெளியே குளத்தில் அக்காவின் சிரிப்பு கேட்டது. ஒலிபெருக்கியில் ஒரு குரல், குளம் இன்னும் சற்று நேரத்தில் மூடப்படும் என்று இனிமையாகச் சொல்லிற்று. ஊரார் பிள்ளைகளையெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்தவர், தம் பிள்ளையை ஓர் இருக்கையில் உட்காரவைக்க முடியாமல், கழுத்தில் அவள் தொங்க, கைகழுவும் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்தார். அழவேண்டும் போல் இருந்தது அவருக்கு.

அப்போது அந்த நல்ல மனிதரின் உள்ளத்தில் கெட்ட யோசனை ஒன்று புகுந்தது. தாழிட்ட கதவு. உள்ளே நடப்பதை யார் கண்டார்? சத்தம்கூட ஏற்கெனவே வெளியே கேட்டிருக்கும். இன்னும் சிறிது நேரம் நின்றுவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, தலைநிமிர்ந்து போனால் போதும். குழந்தையைக் காலையில்தான் மஞ்சள் இருக்கையில் உட்காரவைத்தோம், என்ன ஆகிவிடப் போகிறது?

"சுண்டு, வெளிய போய், போய்ட்டோம்னு சொல்லிடலாமா?"

கழுத்துப் பிடி தளர்ந்தது. சுண்டு தலையைச் சாய்த்து அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"போகலையே" என்றாள்.

அவ்வளவுதான். காலையில் வாத்தை மறைத்தவள் மீது தாம் கொண்ட கோபம் எல்லாம் நினைவுக்கு வந்து, வைத்தியருக்குக் காதுமடல் சுட்டது. "ஆமா, போகலதான்" என்று ஒப்புக்கொண்டு, மூடியைச் சாத்தி, அவளைக் கீழே இறக்கிவிட்டார். குளம் கிடைக்காது, காளானடிக்கே போவோம், போகிற வழியில் இவளிடம் என்ன சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டு தாழ்ப்பாளில் கை வைத்தபோது, பின்னாலிருந்து வீரவாணி ஒன்று எழுந்தது.

"அப்பா, போன்ல லைட் போடு."

திரும்பினார். கேளுங்கள், இதுவே இக்காவியத்தின் உச்சம். இருட்குகையில் உறைந்திருந்த உறிஞ்சுவாய் அரக்கனின் எதிரே, வாளின்றி, வேலின்றி, கவசமாகிய வாத்தையும் களைந்தவளாய், கால்கட்டைவிரல்கள் தரையைப் பற்ற, சுண்டு நின்றாள். ஒரு கையால் மூடியைத் தூக்கினாள். இன்னொரு கையில் தந்தையின் கைபேசி வெளிச்சத்தை ஏந்தினாள். தகப்பன் கிளினிக்கின் ஓரத்தில் பொம்மையோடு உட்கார்ந்து எத்தனையோ மாலைகளில் கேட்டுக்கேட்டுப் பழகிய குரலில், சற்றே சலிப்போடு, சற்றே கண்டிப்போடு, அரக்கனுக்கு ஆணையிட்டாள்:

"ஆ காட்டு."

அரக்கன் காட்டினான். மூடியைத் தூக்கினால் அவன் வாய் தானே திறந்துதான் இருக்கும் என்பது இங்கே பொருட்டல்ல. சுண்டு குனிந்து மேல்வரிசை பார்த்தாள். கீழ்வரிசை பார்த்தாள். கடைவாய் இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சத்தை நெடுநேரம் நிறுத்தினாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் பெருவியப்பு.

"பல்லே இல்லப்பா!"

வைத்தியர் வந்து, தாமும் குனிந்து, தம் படிப்புக்கும் பட்டத்துக்கும் உரிய பொறுப்போடு இரண்டாம் முறை பரிசோதித்தார். அந்தக் கணத்தில் அவர் விளையாடவில்லை. "ஆமா. ஒண்ணுகூட இல்ல" என்று தீர்ப்பளித்தார்.

"அப்பறம் எப்டிக் கடிக்கும்?"

"கடிக்கவே முடியாது."

"பாவம்" என்றாள் சுண்டு. சொல்லிவிட்டு, "தூக்கி உக்கார வை" என்றாள்.

பல்லற்ற பெருவாயின் விளிம்பில், தந்தையின் இரு கைகளையும் இருபுறமும் பற்றி, சிம்மாசனம் ஏறிய அரசியாய் அவள் வீற்றிருந்தாள். உலகு மூச்சடக்கிற்று. குழல்விளக்கு ரீங்காரமிட்டது. கப்பல் ஒருமுறை ஆடி நிதானித்தது. அக்கணம், மெல்லென, ஐயத்துக்கு இடமின்றி, ஓர் ஓசை. அதனை வருணிக்கப் புலவர் பரம்பரை இதுவரை சொல் வழங்கவில்லை. வைத்தியருக்கு அதுபோல் இனிய இசை இல்லை.

இறங்கி, உடை திருத்தி, அவளே பொத்தானுக்குக் கை நீட்டினாள். ஆனால் பொத்தானை அழுத்தும் கை காதைப் பொத்தாது. ஆகையால் தந்தை பின்னால் நின்று, தம் இரு உள்ளங்கைகளாலும் அவள் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். தம் காதுகளை அவர் அப்படியே விட்டுவிட்டார். அழுத்தினாள். கணநேர அமைதி. அதன்பின் எழுந்த உறுமல், கதவைத் தாண்டி, துண்டு விரித்த நாற்காலிகளைத் தாண்டி, கயிற்றருகே காத்திருந்தவர்களின் காதில் வெற்றிச் சங்கென விழுந்தது. சுண்டு அசையவில்லை. "சும்மா கத்துது" என்று அரக்கனைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

வெள்ளைக் கதவு திறந்தது. வெயில் அவள் தலைமேல் விழுந்தது. அன்னை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் அழுவதா சிரிப்பதா என்று முடிவு செய்யுமுன் சுண்டு அவளிடம் போய், "போய்ட்டேன். நெறைய" என்று செய்தி உரைத்தாள். அன்னை அவளை வாரி அணைத்து, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "தெரியும்டி, சத்தம் கேட்டுச்சு" என்றாள். விசில்காரர், மூக்கின் வெண்பசை கலையாமல் தலையை ஒருமுறை தாழ்த்தி, சொன்ன சொல் காத்து, தம் கையாலேயே கயிற்றைத் தூக்கினார். அவள் உயரத்துக்கு அந்தக் கயிற்றைத் தூக்கவேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் தூக்கினார்.

முதற்படி. நீர் கணுக்காலைத் தொட்டது. இரண்டாம்படி. முழங்கால். மூன்றாம்படியில் தந்தை இறங்கி நின்று இரு கைகளையும் நீட்ட, சுண்டு அக்கைகளுக்குள் பாய்ந்தாள். பெருங்குளம் அவளை ஏற்றுக்கொண்டது. எதிர்க்கரையிலிருந்து அக்காள் ரப்பர் வளையத்தை விட்டெறிந்து, "சுண்டு வந்துட்டா! சுண்டு பெரிய குளத்துக்கு வந்துட்டா!" என்று கூவி நீந்தி வந்தாள். அறிமுகமே இல்லாத ஒரு பெரியவர், என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார். சுண்டு காளானைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைகால்களால் நீரை அடித்து நொறுக்கி, அந்தத் தூறலின் நடுவே, மூன்றாண்டு வாழ்வின் பெருமிதம் அனைத்தையும் திரட்டி, "நான் பெரியவ!" என்று பிரகடனம் செய்தாள்.

அவளை ஏந்தி நின்ற தந்தையோ, சொன்ன சொல் காத்த செம்மல், பல்லில்லா அரக்கனுக்கும் பரிசோதனைச் சீட்டுக் கொடுத்த மருத்துவர், அடுத்தவள் வயிற்றுக்குப் பொறுப்பேற்றுப் பொழுது விடிந்தது முதல் மாடி மாடியாய் அலைந்ததில் தம்மைப் பற்றி ஒரு கணமும் நினையாத பெருந்தகை, இடுப்பளவு குளிர்நீரில் மலையென அசையாது நின்று, கழுத்தைக் கட்டிக்கொண்டு காதருகே கிறீச்சிடும் மகளின் மகிழ்ச்சியைத் தம் பிறவியின் பயனெனப் பருகி, கரையில் கண்துடைக்கும் மனைவிக்குக் கை அசைத்து, கறுப்புக் கண்ணாடியை மறுபடி அணிந்துகொண்டு நேராகத் தம்மையே நோக்கிக்கொண்டிருந்த விசில்காரரைப் பார்த்து, கேரண்டி என்றால் கேரண்டிதான் என்பதுபோல் ஒருமுறை புன்னகைத்த அந்த நொடியில், அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பீராயின்,

அவருக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தது.